டாஷ்போர்டில் தெரிந்த விளம்பர வருவாய் கைக்கு வரவில்லை: சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும்?

வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் முறைகளை விளக்கும் இணையதளம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

தொடக்கம் முதல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தரும் விளம்பரங்களை மட்டுமே வைத்திருந்தவரை, மூன்றாம் தரப்பு விளம்பர நெட்வொர்க் ஒன்று மின்னஞ்சலில் அணுகியிருக்கிறது. விளம்பர இடங்கள் ஏலத்தில் விற்கப்படும் சந்தைகளான எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றை ஒரே நேரத்தில் போட்டியிட வைப்பதால் வருவாய் இரட்டிப்பாகும் என்றும், அதில் 90 சதவீதம் தளத்துக்கே சேரும் என்றும் அது கூறியது. இணையத்திலேயே 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் குறியிட்டு அவர் இணைந்தார். அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கான பணம் ஒழுங்காக வந்தது. டிசம்பர் வருவாயில் 40 சதவீதம் 'முறையற்ற வருகை', அதாவது உண்மையான வாசகர்களுடையது அல்லாத வருகை, என்ற காரணத்தால் பிடிக்கப்பட்டது. ஜனவரியில் விளம்பர விலையே பாதியாக விழுந்தது. அந்தக் குறைந்த தொகையும் 'விளம்பரதாரரிடமிருந்து பணம் வரவில்லை' என்ற ஒற்றை வரிப் பதிலோடு முழுமையாக நிறுத்தப்பட்டது. டிசம்பரில் ஒரு வாரம் கட்டணம் செலுத்தி, தளத்துக்கு ஆட்களை வரவழைத்துத் தரும் 'வருகையாளர் பேக்கேஜ்' ஒன்றை வாங்கியதாகவும் கடிதத்தின் கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். முழுத் தொகைக்கும் வழக்குத் தொடரலாமா, அது மோசடி நிறுவனம் என்று பொதுவெளியில் எழுதலாமா, விளம்பரங்களைக் காட்டுவதற்காகத் தளத்தில் பதித்த நெட்வொர்க்கின் நிரலை இன்றே அகற்றிவிடலாமா, தளத்தில் வந்த போலி மருந்து விளம்பரத்துக்குத் தானும் பொறுப்பா, வேறொரு நிறுவனம் தரும் 'உறுதி செய்யப்பட்ட விலை' என்ற வாக்குறுதியை ஏற்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். உங்கள் உழைப்புக்குரிய பணம் காரணம் விளங்காமல் நின்றுபோயிருக்கிறது, கோபம் நியாயமானதே. உங்கள் கோரிக்கையில் வலுவான பகுதியும் இருக்கிறது, வலுவற்ற பகுதியும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி முழுத் தொகையையும் கேட்டால், வலுவான பகுதியையும் சேர்த்து இழக்க நேரிடும். எனவே முதலில் அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

டாஷ்போர்டில் காணும் எண்ணும் சட்டப்படி நிலுவைத் தொகையும்

கடிதம் முழுவதிலும் 'எனக்குச் சேர வேண்டிய பணம்' என்று நீங்கள் சொல்வது, நெட்வொர்க் உங்களுக்குத் தந்த கணக்குப் பக்கமான டாஷ்போர்டில் தெரிந்த எண்ணைத்தான். நீங்கள் இணைத்த படத்தை உற்றுப் பாருங்கள்: அந்த எண்ணுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், 'மதிப்பிடப்பட்ட வருவாய்' என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஒரு விளம்பரம் திரையில் தோன்றியதும் ஏல விலை உடனே கணக்கில் ஏறிவிடுகிறது. ஆனால் தானியங்கி நிரல்களின் வருகையைக் கழிப்பது, எக்ஸ்சேஞ்சின் எண்ணிக்கையோடு நெட்வொர்க்கின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது போன்றவை அதன் பிறகே நடக்கின்றன. இரு தரப்பின் எண்ணிக்கையும் அச்சு அசலாகப் பொருந்துவது அரிது. இத்துறையின் மாதிரி ஒப்பந்த விதிகளே 10 சதவீதம் வரையிலான வேறுபாட்டுக்கு இடம் தருகின்றன. இந்தச் சரிபார்ப்பு முடிந்து 'இறுதி செய்யப்பட்ட வருவாய்' என்று அறிவிக்கப்படும் தொகையைத்தான் நீதிமன்றமோ நடுவரோ கடனாகக் கருதும் வாய்ப்பு அதிகம்.

உங்கள் ஒப்பந்தத்தின்படி, மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் கணக்கு இறுதி செய்யப்பட வேண்டும். ஆகவே டிசம்பர் பிடித்தம் அந்த இறுதி அறிவிப்புக்கு முன் நடந்ததா, பின் நடந்ததா என்பதே நான் முதலில் பார்க்க விரும்புவது. இறுதி செய்த பிறகு வெட்டியிருந்தால், அதற்குத் தனியாக ஒரு விதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒரு விதி இல்லையெனில் உங்கள் பக்கம் வெகுவாக வலுப்பெறும்.

ஜனவரியில் விலை பாதியானதை மட்டும் வைத்து நிறுவனத்தைக் குற்றம் சாட்ட வேண்டாம். ஆண்டின் கடைசிக் காலாண்டில் விளம்பரதாரர்கள் தங்கள் ஒதுக்கீட்டைச் செலவழித்து முடிப்பதால் விலை உச்சத்துக்குப் போவதும், ஜனவரியில் சட்டென்று சரிவதும் இத்துறையில் ஆண்டுதோறும் நடப்பவை. ஆட்சென்ஸ் மட்டும் வைத்திருந்த ஆண்டுகளின் ஜனவரி அறிக்கைகள் உங்களிடம் இருக்கும். எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

'90 சதவீதம்' என்ற சொல்லையும் அதே நிதானத்தோடு அணுக வேண்டும். எதில் 90 சதவீதம் என்பதே கேள்வி. கூகுளே 2023 நவம்பரில் ஆட்சென்ஸ் பங்கீட்டைச் சொல்லும் முறையை மாற்றுவதாக அறிவித்தது. அதுவரை வெளியீட்டாளருக்கு, அதாவது தளத்தை நடத்துபவருக்கு, 68 சதவீதம் என்று சொல்லப்பட்டது. புதிய முறையில், விளம்பரதாரருக்காக விளம்பர இடத்தை வாங்கும் தளத்தின் கட்டணம் போக மீதமுள்ளதில் 80 சதவீதம் என்றானது. அந்தக் கட்டணம் சராசரியாக 15 சதவீதம் எனில், மீதி 85இல் 80 சதவீதம் என்பது மறுபடியும் 68தான். ஒரே வருவாயை 68 என்றும் சொல்லலாம், 80 என்றும் சொல்லலாம். உங்கள் நெட்வொர்க்கின் 90 சதவீதமும், இடையிலுள்ள எல்லோரும் எடுத்துக்கொண்டபின் அதன் கைக்கு வந்ததில் 90 சதவீதமே. பிரிட்டிஷ் விளம்பரதாரர் சங்கமான இஸ்பாவுக்காகப் பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரதாரர் செலவிட்டதில் வெளியீட்டாளரை அடைந்தது 51 சதவீதம் என்றும், 15 சதவீதம் எங்கே போனது என்று ஆய்வாளர்களாலேயே கண்டறிய முடியவில்லை என்றும் தெரியவந்தது. உங்கள் அதிருப்தி தனிப்பட்ட மனக்குறை மட்டும் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஆனால் இந்தப் புள்ளிவிவரம் உங்கள் வழக்குக்கான சான்று ஆகாது.

டிசம்பர் பிடித்தம்: எதை விட்டுக்கொடுப்பது, எதைக் கேட்பது

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த 'வருகையாளர் பேக்கேஜ்' உண்மையில் இந்தப் பிரச்சினையின் நடுப்புள்ளி. அதை விற்றவர் 'உண்மையான மனிதர்கள்' என்று உறுதி கூறியிருக்கலாம். நீங்களும் அதை நம்பி வாங்கியிருக்கலாம். ஆனால் பணம் கொடுத்து ஈர்த்த வருகையைத் தடை செய்யும் விதி ஏறக்குறைய எல்லா நெட்வொர்க் ஒப்பந்தங்களிலும் இருக்கிறது, உங்களுடையதிலும் இருக்கிறது. அறியாமல் செய்தது என்ற வாதம் உங்கள் நேர்மையைக் காட்ட உதவும். அந்த வருகையால் கிடைத்த வருவாயைக் கேட்டுப் பெற உதவாது.

ஆகவே அதை மறைக்க வேண்டாம். மறைத்தால், வாங்கிய வருகை எதிர்த் தரப்பின் பதிவுகளில் எப்படியும் தெரியும். அதன்பின் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குப் பதிலாக, அந்த ஒரு வாரத்தில் அந்த மூலத்திலிருந்து வந்த வருகைக்கான வருவாயை நீங்களாகவே விட்டுக்கொடுத்து, மற்றதை உறுதியாகக் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய நாள்வாரி அட்டவணையின்படி, வழக்கத்துக்கு மாறான ஏற்றம் அந்த ஏழு நாட்களில் மட்டுமே இருக்கிறது. மற்ற நாட்களின் வருகை முந்தைய மாதங்களைப் போலவே தேடுபொறிகளிலிருந்து வந்திருக்கிறது. அப்படியிருக்க, மாதம் முழுவதன் வருவாயிலும் 40 சதவீதத்தை வெட்டியது எந்தக் கணக்கில் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

'அளவீட்டில் நிறுவனத்தின் முடிவே இறுதியானது' என்ற விதியைக் காட்டி நீங்கள் அஞ்சுகிறீர்கள். அந்த விதி பொதுவாகச் செல்லும். ஆனாலும், ஒப்பந்தம் தரும் விருப்புரிமையை நேர்மையாகவும் ஏதேனும் ஓர் அடிப்படையோடும் பயன்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணக் கடமையைப் பல நாடுகளின் சட்டங்கள், அளவில் வேறுபட்டாலும், ஏற்கின்றன. எனவே கடிதத்தில் கேட்க வேண்டியவை இவை: எந்தத் தேதிகளுக்கு, எந்த விளம்பர இடங்களுக்கு, எந்த எக்ஸ்சேஞ்சின் அறிவிப்பின்பேரில் பிடித்தம் செய்யப்பட்டது? அந்த எக்ஸ்சேஞ்சு உங்கள் நெட்வொர்க்கிடமிருந்து உண்மையில் எவ்வளவு திரும்பப் பெற்றது? உங்களிடம் பிடித்த பணம் விளம்பரதாரருக்குத் திரும்பிப் போனதா? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. பிடித்த தொகை விளம்பரதாரருக்கும் போகாமல் நெட்வொர்க்கிடமே தங்கியிருந்தால், 'முறையற்ற வருகை' என்ற காரணம் நிற்க இடமில்லாமல் போகும்.

கணக்கு முடக்கப்பட்டபோது நிலுவைத் தொகையைத் தராமல் நிறுத்தியது குறித்து ஆட்சென்ஸ் வெளியீட்டாளர்கள் 2014இல் கலிஃபோர்னியாவில் கூகுள் மீது கூட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். அது பின்னர் 1.1 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. சமரசம் என்பதால் அதை முன்தீர்ப்பாகக் காட்ட முடியாது. எனினும், ஒரு தரப்பின் அளவீடே இறுதி என்ற விதி இருந்துவிட்டால் யாரும் எதையும் கேட்க முடியாது என்ற எண்ணம் தவறு என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

ஜனவரி: 'விளம்பரதாரர் தரவில்லை' என்ற பதில்

மேலே உள்ளவரிடமிருந்து பணம் வந்தால்தான் கீழே உள்ளவருக்குத் தருவோம் என்ற விதி இத்துறையில் பழகிப்போன ஒன்று. விளம்பரதாரர், முகமை, வாங்கும் தளம், எக்ஸ்சேஞ்சு, நெட்வொர்க், வெளியீட்டாளர் என்று நீளும் வரிசையில் கடைசியில் நிற்பவர் நீங்கள். ஆகவே நடுவில் யார் விழுந்தாலும் அடி உங்களுக்கும் வரும். 2023 ஜூன் இறுதியில் மீடியாமேத் என்ற பெரிய வாங்கும் தளம் திவால் மனுத் தாக்கல் செய்தபோது, அதனிடம் பணம் வர வேண்டியிருந்த எக்ஸ்சேஞ்சுகள் வரிசையில் நின்றன. அந்த இழப்பை வெளியீட்டாளர்களிடமிருந்து ஈடுகட்டலாமா என்பது அப்போது பெரிய சர்ச்சையானது.

உங்கள் ஒப்பந்தத்தின் அந்த விதியை இருமுறை படித்தேன். பணம் 'பெற்ற பிறகு வழங்கப்படும்' என்றுதான் அது சொல்கிறது. 'பெறாவிட்டால் வழங்கும் கடமை இல்லை' என்று சொல்லவில்லை. முன்னதைக் காலத்தை மட்டும் குறிப்பதாகவும், நியாயமான காலம் கடந்தால் பணம் தந்தே ஆக வேண்டும் என்றும் வாதிட இடமிருக்கிறது. பின்னதாக இருந்திருந்தால் உங்கள் நிலை கடினம். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதைப் பொறுத்து இந்த வாதத்தின் எடை மாறும் என்பதை மனதில் கொள்ளுங்கள்.

அதைவிட எளிய எதிர்க்கேள்வி ஒன்றும் இருக்கிறது. உங்கள் ஜனவரி அறிக்கையில் பல எக்ஸ்சேஞ்சுகள் வழியாக வருவாய் வந்ததாகத் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஒரு விளம்பரதாரரோ ஒரு வாங்கும் தளமோ பணம் தரவில்லை என்றால், அவர்களுடைய பங்கைத்தான் நிறுத்திவைக்க முடியும். முழு மாதத் தொகையையும் நிறுத்தியதற்கு அந்தப் பதில் விளக்கமாகாது. தராதவர் யார், அவர் பங்கு எவ்வளவு என்று எழுத்துமூலம் கேளுங்கள். மீதியை உடனே விடுவிக்கச் சொல்லுங்கள். என் பார்வையில் உங்கள் கோரிக்கையின் மிக வலுவான பகுதி இதுவே.

உங்களுக்குப் பணம் தர வேண்டியவர் யார்?

டாஷ்போர்டில் காணும் வணிகப் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள சட்டப் பெயரும் வேறு வேறாக இருப்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதைத் தெளிவுபடுத்தும் ஆவணம் உங்கள் தளத்திலேயே இருக்கிறது. அவர்கள் கேட்டதற்காக ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் கோப்பில் 300க்கும் மேற்பட்ட வரிகளைச் சேர்த்தீர்கள் அல்லவா? இணைய விளம்பரத் துறைக்கான தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஏபி டெக் லேப் என்ற அமைப்பு 2017இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. உங்கள் விளம்பர இடத்தை விற்க யாருக்கு அனுமதி உண்டு என்பதை உலகுக்கு அறிவிக்கும் பட்டியல். பெரிய தளங்களின் பெயரைப் போலியாகப் பயன்படுத்தி விற்பவர்களைத் தடுக்கவே உருவானது. ஒவ்வொரு வரியிலும் எக்ஸ்சேஞ்சின் முகவரி, அங்குள்ள கணக்கு எண், 'டைரக்ட்' அல்லது 'ரீசெல்லர்' என்ற சொல், சில வரிகளில் ஒரு சான்றுக் குறியீடு ஆகியவை இருக்கும்.

நீங்கள் அனுப்பிய கோப்பின் முதல் பத்து வரிகளில் ஆறில் 'டைரக்ட்' என்று இருக்கிறது. அந்தக் கணக்கை வெளியீட்டாளராகிய நீங்களே நேரடியாகக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் அந்த எக்ஸ்சேஞ்சுகளில் உங்களுக்குக் கணக்கே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அது நெட்வொர்க்கின் கணக்கு. உங்கள் பெயரில், உங்கள் தளத்தில், தவறான அறிவிப்பு ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. தங்கள் வழியாக விற்பவர்கள் யார் என்று காட்டும், 2019இல் வந்த செல்லர்ஸ் டாட் ஜேசன் என்ற கோப்பைப் பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகள் வெளியிடுகின்றன. அதில் இந்தக் கணக்கு எண்களைத் தேடினால், அவற்றின் உரிமையாளராகப் பதிவான நிறுவனத்தின் பெயரும், அது வெளியீட்டாளரா இடைத்தரகரா என்பதும் பெரும்பாலும் தெரியும். சில எக்ஸ்சேஞ்சுகள் பெயரை மறைத்தும் வைத்திருக்கும். கிடைக்கும் பெயரை ஒப்பந்தப் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்டீஸ் ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனத்துக்கே போக வேண்டும்.

செய்ய வேண்டியவற்றின் வரிசை

நிரலை அகற்றுவதற்கு முன், இன்றே, சான்றுகளைச் சேமியுங்கள். டாஷ்போர்டுக்குள் நுழையும் வழி எந்த நேரத்திலும் மூடப்படலாம். சர்வர் பதிவுகளைப் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் சில வாரங்களில் அழித்துவிடும். நாள்வாரி அறிக்கைகள், எக்ஸ்சேஞ்சுவாரிப் பிரிப்பு, இறுதி அறிவிப்பு மின்னஞ்சல்கள், நீங்கள் இணைந்த நாளில் இருந்த ஒப்பந்த வாசகம், சர்வர் பதிவுகள், அந்தப் பேக்கேஜ் வாங்கிய ரசீது ஆகிய அனைத்தையும் தரவிறக்கி வையுங்கள். உங்களுக்குச் சங்கடமானதையும் அழிக்காதீர்கள்.

அடுத்து, முன்சொன்ன கேள்விகளோடு எழுத்துமூலமான ஆட்சேபம். பல ஒப்பந்தங்கள் 30 அல்லது 60 நாட்களுக்குள் ஆட்சேபிக்காத கணக்கை ஏற்றதாகக் கருதும். உங்கள் ஒப்பந்தத்தில் 60 நாட்கள். டிசம்பர் கணக்குக்கு அந்தக் காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது. வழக்கறிஞரைத் தேடிக்கொண்டிருக்காமல் இந்தக் கடிதத்தை நீங்களே உடனே அனுப்பிவிடுங்கள். விட்டுக்கொடுக்கும் தொகையையும் கேட்கும் தொகையையும் தனித்தனியாக எழுதுங்கள்.

பதில் வராவிட்டால், அந்த நெட்வொர்க்குக்குக் கணக்கு கொடுத்திருக்கும் எக்ஸ்சேஞ்சுகளின் வெளியீட்டாளர் பிரிவுக்கு, தவறாகக் குறிக்கப்பட்ட 'டைரக்ட்' வரிகளையும் நிலுவையையும் உண்மை மாறாமல் தெரிவிக்கலாம். அந்தக் கணக்குகள்தான் நெட்வொர்க்கின் பிழைப்பு. எனவே நோட்டீசுக்கு வராத பதில் இதற்கு வரக்கூடும். வழக்கு இறுதி வழி. உங்கள் ஒப்பந்தம் வேறொரு நாட்டில் நடுவர் மன்றத்தை நாடச் சொல்கிறது. அதற்கான செலவு நீங்கள் கேட்கும் தொகையை விழுங்கிவிடக்கூடும். குறியிட்டு ஏற்ற ஒப்பந்தம் செல்லாது என்று உங்கள் நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம். படிக்க வாய்ப்பளித்து ஒப்புதல் பெற்ற இணைய ஒப்பந்தங்களைப் பெரும்பாலான நாடுகளின் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. இதற்கிடையே அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனால், குறித்த கெடுவுக்குள் உரிமைக்கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். பிணையில்லாத கடன் என்பதால் கிடைப்பது குறைவாக இருக்கலாம், பதியாவிட்டால் அதுவும் இல்லை.

பொதுவெளியில் எழுதுவது பற்றி: 'ஜனவரிப் பணம் வரவில்லை, கேட்ட விளக்கமும் வரவில்லை' என்பது உங்களால் நிரூபிக்கக்கூடிய செய்தி. 'மோசடிக் கும்பல்' என்பது குற்றச்சாட்டு. அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள்மீது விழலாம். மேலும் கிளிக் விகிதம் போன்ற விவரங்களை வெளியிடத் தடை விதிக்கும் இரகசிய விதியும் உங்கள் ஒப்பந்தத்தில் உண்டு. ஆட்சேபத்துக்குப் பதில் வரும்வரை எதையும் எழுதாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது.

நிரலை இன்றே அகற்றினால், 30 நாள் முன்னறிவிப்பு விதியை நீங்கள் மீறியதாகி, அதையே காரணம் காட்டி நிலுவையை மறுக்க இடம் கிடைக்கும். முன்னறிவிப்பை ஆட்சேபக் கடிதத்தோடு சேர்த்து இன்றே அனுப்புங்கள். தவறான 'டைரக்ட்' வரிகளைத் திருத்தித் தருமாறும் அதிலேயே கேளுங்கள். கெடு முடிந்ததும் நிரலோடு ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் வரிகளையும் நீக்க மறக்காதீர்கள். பலர் நிரலை மட்டும் எடுத்துவிட்டு வரிகளை விட்டுவிடுகிறார்கள், பிரிந்துபோன நிறுவனத்துக்கு விற்கும் அனுமதி அப்படியே தொடர்கிறது.

போலி மருந்து விளம்பரம்

'விளம்பரம் அவர்களுடையது, எனக்குப் பொறுப்பில்லை' என்ற உங்கள் எண்ணம் பாதி மட்டுமே சரி. தானாக வந்து விழும் விளம்பரத்தை முன்கூட்டியே அறியும் கடமை பொதுவாக உங்களுக்கு இல்லை. ஆனால் வாசகர் புகார் செய்து உங்களுக்குத் தெரிந்தபின் வாளாவிருந்தால் நிலைமை மாறும். அந்த விளம்பரத்தின் படத்தையும், அது கொண்டுசென்ற முகவரியையும், நேரத்தையும் பதிவு செய்து நெட்வொர்க்குக்கு அனுப்புங்கள்; மருந்து, சூதாட்டம் போன்ற வகைகளைத் தடை செய்யும் வசதி டாஷ்போர்டில் இருக்கிறது, அதை இன்றே பயன்படுத்துங்கள். நீங்கள் கேட்காத இன்னொரு பொறுப்பும் உண்டு. ஃபேஷன் ஐடி வழக்கில் 2019 ஜூலை 29 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஃபேஸ்புக்கின் விருப்பப் பொத்தானைத் தன் பக்கத்தில் பதித்த இணையதளம், வருகையாளரின் தரவைத் திரட்டி அனுப்புவதில் கூட்டுப் பொறுப்பாளர் என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பாவிலிருந்தும் உங்களுக்கு வாசகர்கள் வருகிறார்கள். விளம்பர நிரலுக்கும் அதே தர்க்கம் பொருந்தக்கூடும் என்பதால் தரவைத் திரட்ட வருகையாளரிடம் ஒப்புதல் பெறும் பலகை சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

புதிய நிறுவனத்தின் 'உறுதி செய்யப்பட்ட விலை'

ஏலத்தில் விலை ஏறி இறங்கும் சந்தையில் ஒருவர் நிலையான விலை தருகிறேன் என்றால், ஏற்ற இறக்கத்தின் இழப்பை அவர் ஏற்கிறார் என்று பொருள்; ஒப்பந்தத்தில் உண்மையில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய வரைவில் 'உறுதி' என்ற சொல் விளம்பரக் கடிதத்தில் மட்டுமே இருக்கிறது, ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. இறுதி செய்த கணக்கில் எத்தனை நாட்களுக்குப் பிறகு கை வைக்கக் கூடாது, பிடித்தத்துக்கு என்ன விவரம் தர வேண்டும், மேலே பணம் வராவிட்டால் யார் இழப்பை ஏற்பது, பிரிந்தபின் நிலுவை எத்தனை நாளில் வரும் ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் இணைய வேண்டாம். தந்தாலும், முதல் சில மாதங்களுக்குத் தளத்தின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, மீதியில் ஆட்சென்ஸை வைத்திருங்கள். உங்கள் விளம்பர இடங்களைத் தாங்கள் மட்டுமே விற்கும் முழு உரிமை கேட்கும் விதியை அந்த வரைவின் ஆறாம் பிரிவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.